நாலு வரிக் கடிதத்துக்கு நாலு மார்க்

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலில் ஒரு குற்றம் செய்துவிட்டு வந்தேன்.

பெரியம்மா வீடு. பஸ்சில் பாதி தூரம் நின்றுகொண்டே போன களைப்பு. செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியம்மா கேட்டார்: "வா கண்ணு. காபி வெக்கட்டா?"

"வையுங்க பெரியம்மா" என்றேன்.

அவ்வளவுதான். பெரியம்மா அப்படியே நின்றுவிட்டார்.

நம் பக்கத்து நடைமுறை உங்களுக்குத் தெரியாததா? முதல் தடவை கேட்டால், "அட, எதுக்குங்க... இப்பத்தான் குடிச்சுப்போட்டு வந்தேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவைக்கு, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்." மூன்றாம் தடவை, "ஏனுங்க, எங்க ஊட்டுக் காபியெல்லாம் உங்களுக்கு ஆகாதுங்களா?" என்று ஒரு பொய்க் கோபத்தோடு கேட்பார்கள். அதற்கப்புறம்தான், "செரி... அரை டம்ளர் போதுமுங்க." வரப்போவது முழு டம்ளர் என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும்.

நான் முதல் கேள்விக்கே தலையாட்டிவிட்டேன். வீட்டிலோ பால் இல்லை! இந்த மூன்று கேள்விகளுக்கு நடுவில்தான் பக்கத்து வீட்டிலிருந்து பால் வந்து சேருமாம். இத்தனை வருஷம் எனக்கு இந்த ரகசியம் தெரியாது.

"ஏங் கண்ணு, டவுன்லயே இருந்து கெட்டுப்போயிட்டயா?" என்று சிரித்துக்கொண்டே, பால் வாங்கத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார்.

டவுன் என்னைக் கெடுக்கவில்லை, பெரியம்மா. கெடுத்தது அமெரிக்காவில், ஒஹையோவில் இருக்கிற ஒரு பதிமூன்று வயதுப் பெண். பெயர் சிந்து. என் மாணவி.

நான் மோடம் வாங்கிய கதையை இந்தப் பக்கத்தில் படித்துவிட்டு, "அதற்கு ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாமே" என்று கார்டு போட்ட வாசகர்கள் மன்னிக்கவும். மாடு வாங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை.

நாலு மாதமாக சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஒரு வகுப்பு நடத்துகிறேன். கம்ப்யூட்டரில். போன் லைன் வழியாக. மாணவர்கள் ஐந்து பேர் — எல்லோருமே நம் பக்கத்திலிருந்து அமெரிக்கா போய்விட்டவர்களின் பிள்ளைகள். நமக்கு சனி விடியும்போது அவர்களுக்கு வெள்ளி சாயங்காலம் முடிந்திருக்கும். இங்கே நான் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவேன். அங்கே ஐந்து திரைகளில் அது போய் நிற்கும். முதலில் ஒரு பழைய அகப்பாட்டு. அப்புறம் கட்டுரையோ கடிதமோ எழுதச் சொல்வேன். பிள்ளைகள் நோட்டில் கையால் எழுதி, ஸ்கேன் செய்து ஈமெயிலில் அனுப்புவார்கள்.

கேட்க ஜோராக இருக்கிறது இல்லையா? இதில் ஒரே ஒரு சிக்கல். அப்பா.

பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டுகிற ஒர்க் ஷாப். வீட்டுக்கும் ஒர்க் ஷாப்புக்கும் சேர்த்து ஒரே போன். காலையில் த்ரீ ஃபேஸ் கரன்ட் வந்ததும் விவசாயிகள் தோட்டத்தில் மோட்டாரைப் போடுவார்கள். ஓடாது. உடனே அப்பாவுக்கு போன் போடுவார்கள். சனிக்கிழமை மட்டும் லைன் கிடைக்காது — அந்த நேரத்தில் அவருடைய மகள் ஒஹையோவோடு பேசிக்கொண்டிருப்பாள்.

அப்பா ஒரு வார்த்தை திட்டியிருப்பாரா? மாட்டார். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, "இன்னைக்கு போன் சத்தமே இல்லீங்கம்மணி" என்பார். அடுத்த வாரம், "அன்னூர்க்காரரு நேர்லயே வந்துட்டாருங்க. பஸ் புடிச்சு." அதற்கடுத்த வாரம் வெறும் பெருமூச்சு.

எனக்குப் புரியாமலா? புரிந்தது. புரியாத மாதிரி இருந்துகொண்டேன். பிள்ளைகளுக்கு மட்டும் அவ்வப்போது, "அப்பாவுக்கு போன் வேணும், லைன் கட் ஆனாலும் ஆகும்" என்று தட்டிவைப்பேன். இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிந்து. அம்மா சாந்தாமணி அக்கா வெள்ளகோவில்காரர். பிறந்த வீடு பெரியம்மாவுக்குப் பக்கத்து வீடு — அன்றைக்குப் பால் கொடுத்தார்களே, அதே வீடு. சிந்துவுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும். ஆனால் கேள்விகள் திக்காது.

அன்றைக்கு முல்லைத் திணை. மழைக்காலம் பிறப்பதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை. மழை வந்துவிட்டது. தலைவி அவனைக் குறை சொல்லவில்லை. தோழியிடம் காட்டைப் பற்றிப் பேசுகிறாள். ஜோடியாக மேயும் மானைப் பற்றிப் பேசுகிறாள். நான் உருகி உருகித் தட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் சிந்து.

"மிஸ், மானைப் பத்தி ஏன் சொல்றா? அவன்தானே வரலை?"

குறிப்பால் உணர்த்துவது என்றால் என்ன என்று பன்னிரண்டு வரிகள் தட்டினேன்.

"அப்ப அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் பாட்டோட அழகு."

"அழகு ஓகே மிஸ். அவன் வந்தானா?"

பாட்டில் அது இல்லை. நானும் இருபத்து மூன்று வயது வரைக்கும் அப்படிக் கேட்டதில்லை. எம்.ஏ. வகுப்பில் யாருமே கேட்டதில்லை! கொஞ்சம் எரிச்சலோடு, "நீங்களே தலைவியாக இருந்து தலைவனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்" என்று எல்லோருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டேன்.

நாலு கடிதங்கள் அமர்க்களமாக வந்தன. ஒரு பையன் ஏழு இடத்தில் கார்மேகத்தை விளித்திருந்தான். கையெழுத்து பையனுடையது, கண்ணீர் அவன் அம்மாவுடையது. கடைசியாக சிந்துவின் கடிதம். ஸ்கேன் செய்த படம் எங்கள் லைனில் எப்படி இறங்கும் தெரியுமா? மேலிருந்து கீழே, ஒரு நூல் அளவாக... இட்லி வெந்தே விடும். கடிதம் இறங்கியது. நாலே வரி. கீழே வெள்ளைத் தாள்.

"மழைக்கு முன்னாடி வருவேன்னு சொன்னீங்க. மழை வந்துருச்சு, நீங்க வரலை. எனக்கு கோவமா இருக்கு, அழுகையும் வருது. வருவீங்களா மாட்டீங்களா, சொல்லுங்க."

பத்துக்கு நாலு போட்டேன். கீழே குறிப்பு வேறு: "உணர்ச்சி போதாது. நேராகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்தப் பழகவும்."

இரண்டு நாளில் சாந்தாமணி அக்காவிடமிருந்து ஈமெயில்.

"அம்மணி, நல்லா இருக்கீங்களா? சிந்துவால உங்களுக்கு ரொம்ப சிரமமுங்க. அப்பாவுக்கு வேற போன் தொந்தரவுன்னு சொல்றா. எங்க புள்ளைக்காக நீங்க எதுக்குங்க இத்தனை கஷ்டப்படோணும்? கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெச்சுக்கலாமுங்களா?"

இரண்டு தடவை படித்தேன். நம் ஊரில் 'கொஞ்ச நாள்' என்றால் என்ன? பொண்ணு பார்த்துவிட்டுப் போனவர்கள், "கொஞ்ச நாள் போகட்டுமுங்க" என்று சொல்லி அனுப்பினால் என்ன அர்த்தமோ, அதுதான். நாலு மார்க் போட்டது பிடிக்கவில்லை, மரியாதையாக விலகுகிறார்கள்.

"நிறுத்தாதீங்க அக்கா, அவள் இல்லாமல் வகுப்பே இல்லை" என்று தட்டினேன். அழித்தேன். நாமாகப் போய் விழுவதா? "பரவாயில்லைங்க அக்கா, உங்க சவுகரியம் போல செய்யுங்க" என்று அனுப்பிவிட்டேன். எவ்வளவு மரியாதை!

அந்த சனிக்கிழமை நாலு பேர். பாட்டைச் சொல்லி முடித்து, "சந்தேகம் உண்டா?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ்." "இல்லை மிஸ்." "இல்லை மிஸ்." "நோ மிஸ்."

அடுத்த சனிக்கிழமையும் அதே நாலு 'இல்லை'. ஏழு மணி ஆவதற்கு முன்பே வகுப்பு முடிந்துவிட்டது. யாருக்காகத் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்றே தெரியவில்லை. மாதக் கடைசியோடு மூடிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அப்பாவுக்கும் நிம்மதி. ஆனால் அவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்து, "அதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்களா கண்ணு?" என்றார். குரலில் நிம்மதி மாதிரி ஒன்றும் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை. ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே திரையில் ஒரு பெயர். சிந்து.

"மிஸ், ஒரு கேள்வி. நான் வரக்கூடாதா?"

"அம்மா நிறுத்தச் சொன்னாங்களே?"

"அம்மா சும்மா சொன்னாங்க. நீங்க 'ஒரு சிரமமும் இல்லை, அனுப்புங்க'ன்னு சொல்வீங்கன்னு வெயிட் பண்ணாங்க. நீங்க சரின்னுட்டீங்க. அம்மா அழுதாங்க. 'அந்தப் பொண்ணுக்கு உன்னைப் புடிக்கலை போல'ன்னாங்க."



முதல் சுற்று! 'அட, எதுக்குங்க' என்கிற முதல் சுற்று! பத்து வருஷம் ஒஹையோவில் இருந்தும் வெள்ளகோவில் பழக்கம் விட்டுப் போகாத சாந்தாமணி அக்கா, காபி வேண்டாம் என்கிற மாதிரி வகுப்பு வேண்டாம் என்றிருக்கிறார். இரண்டாம் தடவை நான் கேட்க வேண்டும். கேட்காமல், "சரிங்க" என்று டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டேன்! நம் ஊரில் இதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா?

திரையில் அடுத்த வரி வந்தது. "மிஸ், உங்களுக்கு நான் வேணுமா வேண்டாமா?"

இதற்கு மானைக் காட்ட முடியுமா?

"வேணும்" என்று தட்டினேன். போதவில்லை. "நீ இல்லாம கிளாஸ் நல்லாவே இல்லை. ரெண்டு வாரமா எனக்கு அழுகையா வருது" என்றும் தட்டினேன்.

"அப்ப ஏன் சொல்லலை?"

தலைவியைப் பற்றி அவள் கேட்டதும் இதைத்தானே?

பாட்டில் தலைவி சுற்றி வளைத்துச் சொன்னால் தப்பில்லை. அவளுக்குத் தோழி இருக்கிறாள். சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்த்துவிடுவாள். எனக்கும் சாந்தாமணி அக்காவுக்கும், எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் அப்படி யார் இருந்தார்கள்? யாருமே இல்லாத இடத்தில் இரண்டு பக்கமும் குறிப்பாகவே பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு தோழி வந்தாள் — எட்டாம் வகுப்பு, பல்லில் கிளிப், நாலு மார்க்.

வகுப்பு முடிந்ததும் அக்காவுக்கு எழுதினேன்: "ஒரு சிரமமும் இல்லைங்க, சிந்துவைக் கட்டாயம் அனுப்புங்க." பதில் வந்தது: "அட, உங்களுக்கு எதுக்குங்க..." இரண்டாம் சுற்று! விடுவேனா? "ஏனுங்க அக்கா, என் பாடமெல்லாம் உங்க புள்ளைக்கு ஆகாதுங்களா?" என்று கேட்டேன். "செரிங்க அம்மணி, அரை மணி நேரம் போதுமுங்க" என்று வந்தது. வரப்போவது முழு டம்ளர்தான்!

அந்தச் சூட்டோடு அப்பாவிடம் போனேன். பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

"அப்பா, சனிக்கிழமை போன் கிடைக்காம உங்களுக்கு சிரமமா இருக்குதுங்களா? நேராச் சொல்லிப்போடுங்க."

பேப்பர் மெல்ல இறங்கியது. "சிரமந்தானுங்கம்மணி" என்றார். என் வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. "ஆனா நீ அந்தப் புள்ளைங்களோட சிரிச்சுட்டு இருக்கறயே... அதை எப்படி நிறுத்தச் சொல்றது?"

இரண்டே நிமிஷத்தில் தீர்ந்தது. ஒர்க் ஷாப்புக்கு எதிர் டீக்கடையில் ஒரு போன் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கூப்பிடுகிறவர்களுக்கு அந்த நம்பர். கடைக்காரர், "அதுக்கென்னங்கண்ணா, கூப்படச் சொல்லுங்க" என்றாராம் — அப்பா இரண்டாம் தடவை கேட்பதற்கு முன்பே.

தப்பாக நினைத்துவிடாதீர்கள். மரியாதை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 'ங்க' போடாமல் எனக்குக் கனவுகூட வராது. வேண்டியதை வேண்டும் என்று சொல்லிவிட்டு, அப்புறம் எத்தனை 'ங்க' வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்கிறேன். பெரியம்மா வீட்டில் செய்து பார்த்தது அதைத்தான். கொஞ்சம் பால் பிரச்சினை. பழகிவிடும்.

நடுவில் ஒன்று விட்டுவிட்டேன். அன்றைக்கே அந்த நாலு வரியை மறுபடி திறந்து பார்த்தேன். கோபம் இருக்கிறது. அழுகை இருக்கிறது. கேள்வி இருக்கிறது. பதிலுக்குக் காத்திருப்பது கீழே வெள்ளைத் தாளாகவே இருக்கிறது. எதைப் போதாது என்று எழுதினேன்? நாலை அடித்து ஒன்பது போட்டு அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. "தேங்க்ஸ் மிஸ். இன்னும் ஒரு மார்க் எங்கே?"

கேட்டாள். கொடுத்துவிட்டேன்.