குரோம் தின்ற விரல்கள்

1943 ஜூலையில் எலியேசரின் இரு கைகளிலும் சேர்த்து ஏழு குழிகள் இருந்தன. பயறு உட்காரும் அளவில், ஓரம் தடித்து, ஆறாமல் கிடந்தன. ராஜபாளையத்துச் சாயக்கொட்டகை ஒன்றில், பட்டாளத்துக் காக்கித் துணியைக் குரோம் உப்பு கரைத்த தொட்டியில் வெறுங்கையால் அமுக்கி எடுப்பது அவர் வேலை. டிரம்மிலிருந்து அந்த ஆரஞ்சு நிற உப்பைக் கொட்டும்போது பறந்த தூள் மூக்கின் நடுச்சுவரையும் தின்றிருந்தது.

அந்த மாதம் தேவாலயத் திருவிருந்தில், திராட்சரசப் பாத்திரத்துக்காக முழங்காலிட்டிருந்த எலியேசரின் தோளைச் சபை மூப்பர் வில்சன் தொட்டார்.

“எலியேசரு, எந்திரி. எல்லாரும் ஒரே பாத்திரத்துல வாய் வைக்கணும். குஷ்டத்தை வச்சுக்கிட்டு வரலாமா?”

சபை முழுக்க அவர் கையைப் பார்த்தது. எழுந்து வெளியே வந்தார். குஷ்டமாம். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் தெருவிலும் இருக்க விடமாட்டார்கள். தொட்டி செய்த வேலைக்கு அவர் ஊரை விட்டுப் போக வேண்டுமா?

மறு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த வில்சனை வாசலிலேயே மறித்தார். தொட்டியில் கூட வேலை செய்யும் இருவர் பக்கத்தில் நின்றார்கள்.

“கைய நீட்டுங்கலே.”

சங்கிலிப்பாண்டிக்கு நான்கு குழி. பால்பாண்டிக்கு ஒன்பது.

“இவிய எந்தப் பாத்திரத்துல குடிச்சாவ, அண்ணாச்சி? ரெண்டு பேரும் மாரியம்மனுக்குப் பூக்குழி எறங்குறவிய. குஷ்டம் என்ன, தொட்டியில வேலை செய்யிறவியளாப் பாத்தா வரும்?”

“மூக்கையும் பாருங்க” என்றான் பால்பாண்டி. “எங்க ஆத்தா மூக்கு குத்த ஆசாரிக்கு வெத்தலை பாக்கு வச்சா. மொதலாளி எனக்கு உள்ளுக்குள்ள சும்மாவே குத்திட்டாரு.”

வில்சன் சிரிக்கவில்லை. “டாக்டர் சீட்டு கொண்டா. பொறவு பேசலாம்.”

“பட்டாளத்துல ஒங்க மவன் போட்டிருக்க சட்டை நாங்க முக்குனது. அதுக்கு எந்த டாக்டர்ட்ட சீட்டு கேட்டீய?” என்றார் எலியேசர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் குழிகளைச் சுற்றி ஊசியால் குத்தினார். குத்திய இடமெல்லாம் எலியேசர் கையை இழுத்துக்கொண்டார். உணர்ச்சி இருக்கிறது, குஷ்டமில்லை, குரோம் அரித்த புண் என்று டாக்டர் எழுதினார். ரப்பர் கையுறை இல்லாமல் தொட்டியைத் தொடக்கூடாது என்றும் சேர்த்தார்.

சீட்டைப் படித்த சாயக்கொட்டகை மானேஜர், “ரப்பரெல்லாம் யுத்தத்துக்குப் போயிருச்சு. எழுதுன டாக்டரையே வந்து முக்கச் சொல்லு” என்றார்.

எலியேசர் சீட்டைப் பிடுங்கி மடித்து இடுப்பில் செருகினார்.

“துணி ஒமக்கு. கை எனக்கு. இனி முக்க மாட்டேன்.”

ஆகஸ்ட் முதல் ஞாயிறு, சீட்டைப் படித்திருந்த வில்சன் நகர்ந்து இடம் விட்டார். பாத்திரம் எலியேசரின் உதட்டுக்கு வந்தது.

மறுநாள் காலை சோழபுரத்திலிருந்து தொட்டிக்குப் புது ஆள் ஒருவன் வந்தான். சட்டைக்கையை மடித்துவிட்டு, வெறுங்கையை முழங்கை வரை உள்ளே விட்டான்.