குருவம்மாள் வயலுக்கு வந்த வண்டி

சுந்தரபாண்டியபுரத்தில் எனக்கும் குருவம்மாளுக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் மண்வெட்டியைத் தொட்டவன். குருவம்மாள் அப்படியில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வயலில் குனிந்தவள். அவள் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வயலில் அவள் நிமிர்ந்து நின்றால் யாரையோ திட்டப் போகிறாள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும்.

அவள் வீட்டுக்காரர் வல்லிநாயகம் லாரி ஓட்டியவர். நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். மகன் சிவசைலம் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஆக, வயல் முழுக்க அவள் பாடுதான். கிணற்றில் சோலார் மோட்டார் போட்டபின் கரண்டுக்குக் காத்துக் கிடக்கிற வேலை போயிற்று. வெயில் வந்தால் தண்ணீர் வந்தது. தண்ணீர்க் கவலை தீர்ந்தது என்று அவள் மூச்சு விட்டபோது முழங்கால் முட்டு போய்விட்டது. இனிமேல் குத்தவைத்து உட்காரவே கூடாது என்று தென்காசி டாக்டர் சொல்லிவிட்டார்.

"குத்தவைக்காம களை எப்படி எடுக்கதாம்? அந்த டாக்டரம்மாவ வந்து காட்டச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று என்னிடம் எகிறினாள். நான் என்ன டாக்டரா?

ஆள் வைக்கலாம் என்றால் ஆள் எங்கே? சீசன் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேர் குற்றாலத்தில் பழக்கடை, பஜ்ஜிக்கடை என்று போய்விடுவார்கள். மீதிப்பேர் நிழலில் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, வெயிலில் குனிய யாருக்கு ஆசை? என் கோபமெல்லாம் கார்க்காரர்கள் மேல்தான். சூரியகாந்தி பூத்ததும் போட்டோ எடுக்க வரிசையாக வந்து நிற்கிறார்கள். களையெடுக்கிற நேரத்தில் ஒருத்தர் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த வருஷம் செடி முழங்கால் உயரம் வந்தபோது களையும் அதே உயரம் வந்துவிட்டது. சிவசைலம் போனில் கறாராகச் சொல்லிவிட்டான். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் கோயம்புத்தூருக்கு வந்துவிட வேண்டும். குத்தகைக்கு எடுக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவார். குருவம்மாள் அவனிடம் சரி என்று சொல்லிவிட்டு, என் வரப்புக்கு வந்து அழுதாள். அவள் திட்டினால் எனக்குத் தாங்கும், அழுதது தாங்கவில்லை.

அப்போதுதான் எங்கள் உழவர் குழுவில் அந்தக் களை வண்டி வந்திருந்தது. ஆளில்லாமல் தானாக ஓடுகிற வண்டி. தென்காசியில் பட்டறை வைத்திருக்கும் எபனேசர் செய்தது. பழைய மொபெட் சக்கரம், வைப்பர் மோட்டார், தலையில் கூரை மாதிரி ஒரு சோலார் தகடு. முன்னால் ஒரு கேமரா. அது செடி வரிசையைப் பார்த்துக்கொண்டே நடுவில் போகும், அடியில் உள்ள கத்தி களையைச் சுரண்டித் தள்ளும். குழுவில் சொல்லி அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை ஒருநாள் மட்டும்தான். மறுநாள் காலையில் அது வேறொருவர் வயலுக்குப் போயாக வேண்டும்.

வண்டி வந்து இறங்கியதும் குருவம்மாள் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். எபனேசர் பதறிப்போய்க் குறுக்கே விழுந்தான்.

"யக்கா, தண்ணி வேண்டாம்க்கா! உள்ள வயரெல்லாம் இருக்கு."

"பெறகு சக்கரம் வச்சது சும்மாவா வயல்ல எறங்கும்?"

கடைசியில் சக்கரத்தில் மட்டும் நாலு சொட்டு தெளிப்பதாக ஒப்பந்தம் ஆனது. எலுமிச்சம்பழம் வைத்தாள், சூடம் காட்டினாள். சந்தனத்தைக் குழைத்து, மேலே குங்குமத்தை அழுத்தி, வண்டியின் நெற்றி நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. எபனேசர் கையில் இருந்த ரிமோட்டால் வண்டியை ஓட்டி, சக்கரத்தால் பழத்தை நசுக்கி, வரிசை முனைக்குக் கொண்டுபோனான். இனி தானாகப் போகும் என்று ஒரு பொத்தானை அமுக்கினான்.

வண்டி ஒரு சாண் போனது. கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிட்டது.

மறுபடி அமுக்கினான். மறுபடி ஒரு சாண், மறுபடி கீச். போனைப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான். அப்புறம் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினான். வயரைப் பிடுங்கி மாட்டினான். நானும் என் பங்குக்கு, "டீசல் ஊத்திப் பாக்கலாமாடே?" என்று கேட்டேன். அவன் அடுத்த வயரைப் பிடுங்கினான். மேற்கே மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சாரல் பிடித்து மண் இளகினால் சக்கரம் வழுக்கும், அன்றைய வேலை அவ்வளவுதான். குருவம்மாள் வாயே திறக்காமல் நின்றாள். அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் எபனேசர் என்னை மோட்டார் ரூம் பக்கம் இழுத்துப் போனான்.

"அண்ணாச்சி, வண்டில ஒரு கோளாறும் இல்ல. அக்கா வச்ச பொட்டு கேமரா கண்ணுக்கு மேல இருக்கு. போன்ல பாத்தா ஒரே செவப்பா தெரியுது. வழி தெரியாம நிக்குது."

"கிறுக்குப் பயலே, அப்ப அதத் தொடைக்க வேண்டியதான? காலைலேருந்து எதுக்கு வயரப் புடுங்குத?"

"எப்படித் தொடைக்க அண்ணாச்சி? அவிய வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன் பண்ணியிருக்கு. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். மங்கலமா வச்ச குங்குமத்த நான் போய் அழிச்சு, நாளைக்கு அவருக்கு ஏதாவது ஒண்ணுன்னா? பொட்ட எடுக்காம வேற வழி இருக்கான்னுதான் பாத்தேன். நீங்க சொல்லுங்களேன்."

"நானா? நான் சொல்ல மாட்டேன்டே."

தைரியசாலிகள் ரெண்டு பேரும் இப்படி மாறி மாறித் தள்ளிக்கொண்டிருந்தபோது குருவம்மாள் வந்து நின்றாள்.

"என்ன குசுகுசுன்னு பேசுதிய? வண்டி ஓடாதுன்னா ஓடாதுன்னு சொல்லிருங்க. நாளைக்கு அந்த ஆளு வரட்டும். வயலக் குடுத்துருதேன்." குரல் உடைந்துவிட்டது.

எபனேசர் தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அவள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"இதுக்காலே இம்புட்டு நேரம்? நீ பொட்டப் பாக்கதும் மொகத்தத் திருப்புததுமா இருந்தியா, வேதக்காரப் புள்ள, ஒனக்குப் பிடிக்கலயோன்னு நெனச்சேன். எடுத்திருதேன்னு சொல்லவும் மனசு வரல, இருக்கட்டும்னு சொல்லவும் மனசு வரல. வாய மூடிட்டு நின்னேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ரெண்டு பேரையும் ரெண்டு அடி அடிக்கலாம் என்றும் வந்தது.

குருவம்மாள் வண்டியிடம் போனாள். குங்குமச் சிமிழைத் திறந்து முதலில் பக்கவாட்டுத் தகரத்தில் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். அதற்கப்புறம்தான் சேலை முந்தானையால் கேமராவை அழுத்தித் துடைத்தாள்.

"புதுசு வச்சாச்சு. இனி பழச எடுத்தா அழிச்சதா ஆகாது, எடம் மாத்துனதுதான். நீ அமுக்குலே."

எபனேசர் பொத்தானை அமுக்கினான். வண்டி ஒரு சாண் போனது, ரெண்டு சாண் போனது. அப்படியே வரிசைக்குள் நுழைந்து போய்க்கொண்டே இருந்தது. பின்னால் கோரையும் சாரணையுமாகக் களைகள் வேர் மேலாகக் கிடந்தன. ஒரு செடியில்கூடக் கீறல் இல்லை. அந்தக் கோடி வரை போய்த் திரும்பி அடுத்த வரிசைக்குள் நுழைந்தபோது, "அம்மாடி!" என்று குருவம்மாள் வாய்விட்டுச் சொன்னாள். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. மேகம் கூடியிருந்தாலும் பேட்டரியில் சார்ஜ் இருந்தது. வந்த சாரலும் புழுதியை அடக்குகிற அளவோடு நின்றுகொண்டது.

சாயங்காலத்துக்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டது. செடியை ஒட்டி நிற்கிற மிச்சத்தை நீளக் காம்புக் கொத்தால் நின்றபடியே எடுத்துவிடலாம். மோட்டார் ரூமிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து வரப்பில் போட்டேன். முதலில் அதை ஏதோ தப்பான பொருள் மாதிரிப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்தாள். அந்த நேரம் சிவசைலத்தின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கம்மா இருக்க?"

"வயல்லலே. நாளைக்கு அந்த ஆள வர வேண்டாம்னு சொல்லிரு. களை எடுத்தாச்சு."

"நீயா எடுத்த? சொன்னா கேக்கவே மாட்டியா? முட்டு என்னத்துக்கு ஆகும்?"

"நான் எங்கலே எடுத்தேன்? சேர் போட்டு உக்காந்திருக்கேன்."

அவன் நம்பவில்லை. போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான்.

"மாமா, அம்மா நெசமாவே உக்காந்திருக்காளா?"

நான் திரும்பிப் பார்த்தேன். குருவம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாடே. கால நீட்டி உக்காந்திருக்கா."

 அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது.