ஓட்டை மேலே பார்க்கணும்

"மேஸ்திரி, செடி சாவுது. உடனே வாங்க."

தொண்டூரிலிருந்து பச்சையம்மா போன். அரசாங்கத் திட்டத்தில் அந்த அம்மாவின் அரை ஏக்கருக்கு நான் சொட்டு நீர் பைப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் பேச்சை நம்பி வாய்க்காலையெல்லாம் மூடிவிட்டு, செங்கல் சூளை வேலையையும் விட்டுவிட்டு, கத்திரி நட்டிருந்தார். கத்திரி போனால் மறுபடி சூளைதான்.

நான் படித்தது ஐந்தாவது. ஆனால் செஞ்சி பக்கம் இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பைப்பில் உள்ள ஓட்டை மேலே பார்க்கப் போடச் சொல்லி கம்பெனி ட்ரெயினிங்கில் சொன்னார்கள். "தண்ணி மண்ணுக்குத்தானே போவணும்?" என்று கேட்டுவிட்டு, எல்லா வயலிலும் கீழே பார்க்கத்தான் போட்டுவந்தேன்.

போனேன். தண்ணீரை வடிகட்டும் பில்டரைக் கழுவினேன். பிரஷர் நன்றாகவே இருந்தது.

"உன் கிணத்துத் தண்ணி உப்பும்மா. அதான் அடைச்சுக்குது. என் வேலையில தப்பே வராது."

"உப்பா? அந்த மூணாவது வரிசை மட்டும் பச்சையா இருக்குதே, அதுக்கு இன்னா வேற கிணத்துத் தண்ணியா?"

களை எடுக்கும்போது அந்த ஒரு பைப் புரண்டு, ஓட்டை மேலே வந்துவிட்டதாம்.

"மத்ததெல்லாம் மோட்டார் நின்னதும் மண்ணை உறிஞ்சுது மேஸ்திரி. குனிஞ்சு காதை வச்சுக் கேளுங்க."

மோட்டாரை நிறுத்தச் சொல்லி மண்டி போட்டேன். பைப் சர்ரென்று சேற்றை உள்ளே இழுத்தது. பிளேடால் அறுத்துப் பார்த்தால் உள்ளே ஓட்டைக்கு ஓட்டை செம்மண்.

அடைத்ததையெல்லாம் கழற்றிவிட்டு என் கையிலிருந்த புது பைப்பைப் போட்டேன், ஓட்டை மேலே பார்க்க. செடிக்குச் செடி தண்ணீர் சொட்டியதும் பச்சையம்மா சிரித்தார்.

"உப்பு போயிடுச்சா மேஸ்திரி?"

கழற்றிய பழைய பைப்பைச் சுருட்டிக் கட்டினேன். அந்த வருஷம் அந்த அம்மா சூளைக்குப் போகவில்லை. செஞ்சி மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய் மூட்டைதான் போனது. முன்னால் நான் போட்ட வயல்களுக்கெல்லாம் நானே போய்த் திருப்பிப் போட்டேன். அதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும், எனக்கு இருந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, திட்டம் நல்ல திட்டம்தான், ஏழை நிலத்துக்குத் தண்ணீர் கொடுத்தது. பைப் போட்டதோடு கிளம்பிவிடாதீர்கள். பத்து நாள் கழித்துப் போய், களை எடுக்கிறவரிடம் எந்தச் செடி வாடுகிறது என்று கேளுங்கள். அன்றைக்குப் பச்சையம்மா எனக்குப் பயந்து வாயை மூடியிருந்தால், நான் போட்ட பைப்பே அந்த நிலத்தைக் காயவைத்திருக்கும். நானும் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.