புத்தகத்தை மூடிய பிறகும்

மூன்றாம் வகுப்பிலும் என் மகளுக்கு வாசிக்க வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பனியன் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்றே பயிற்சி எடுத்த டீச்சர் ஒருவர் மண்ணரைப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் பாடத்தைக் கடகடவென்று வாசித்தாள்.

"ஊட்டுல நல்லாத்தானுங்க படிக்கறா," என்றேன்.

டீச்சர் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. விரல் பாவாடைமேல் வரிவரியாக நகர, பாடம் முழுவதையும் சொல்லி முடித்தாள். தினமும் சோறாக்கிக்கொண்டே நான் கேட்டதெல்லாம் இதுதானா?

"காதுல கேட்டே மனப்பாடம் பண்ணியிருக்கா. எழுத்தை வேற விதமாச் சொல்லித்தரோணுமுங்க. நான் வர்றேன்," என்றார் டீச்சர்.

"கம்பெனிக்கு வேண்டாமுங்க," என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சருக்குக் காப்பி வை. நாளைக்கும் வரோணுமல்ல," என்றார்.