ஒரே மாதிரி மூன்று ஹாட் பாக்ஸ்

அந்த டிசம்பரில் எனக்கு யாரையும் பிடிக்கவில்லை. மகளின் எல்கேஜி மிஸ்ஸைப் பிடிக்கவில்லை. வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பைப் பிடிக்கவில்லை. எல்லோரையும் விட, மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை அவளைப் பார்த்துக்கொண்ட டேகேர் அக்காவைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அரையாண்டு லீவுக்கு முன்னால் மிஸ்ஸுக்கும் அக்காவுக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்றானபோது எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

நான் ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். பிரேக்கில் மாட்டும் பாகத்தைக் கையில் எடுத்து, டியூப்லைட்டுக்கு நேராகத் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். நாள் முழுக்கக் குறை பார்த்தே பழகிய கண். வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறேன் என்பார் என் கணவர். அவர் விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ்ஸில் பார்டர் தாண்டி பெங்களூர் போனால் திரும்ப ஒன்பது மணியாகும். மகளுக்குப் பன்னிரண்டரைக்கு ஸ்கூல் முடிந்துவிடும். வேன்காரர் அவளை டேகேரில் இறக்கிவிடுவார். நான் ஆறரைக்குள் போய் அழைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறரை என்றால் ஆறரைதான். டேகேர் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, போனில் கன்னடம், எங்களிடம் தமிழ். எந்த மொழியில் பேசினாலும் சண்டை போடுகிற மாதிரியே இருக்கும். ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், தன் வீட்டின் முன் இரண்டு அறைகளில் ஏழு குழந்தைகளை வைத்திருந்தார். ஆறரைக்கு மேல் பத்து நிமிஷத்துக்கு ஐம்பது ரூபாய். கம்பெனி பஸ் சிக்னலில் நின்றது, மழை பெய்தது என்று எதைச் சொன்னாலும் கை நீளும். மாதத்தில் நாலைந்து தடவையாவது நான் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம் குரூப்பில் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. குரூப்பை நடத்திய அம்மா வேலைக்குப் போகாதவர். குரல் இனிப்பாக இருக்கும். "கிறிஸ்மஸ், நியூ இயர், பொங்கல் எல்லாத்துக்கும் சேர்த்து நம்ம மிஸ்ஸுக்கு ஒரு நல்ல பட்டுப்புடவை எடுத்துடலாம். ஆளுக்கு ஆயிரம்தான்." அடுத்த நிமிஷமே கட்டைவிரல்களும் இதயங்களும் வரிசையாக வந்து விழுந்தன.

எனக்கு ஆயிரம் என்பது 'தான்' இல்லை. இன்னொன்றும் இருந்தது. நவம்பரில் என் மகள் வகுப்பில் ஏதோ கன்னடத்தில் சொல்லிவிட்டாள் என்று அந்த மிஸ் அவளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்திருந்தார். அவருக்குப் பட்டுப்புடவையா? "ஆளுக்கு நூறு நூத்தம்பதுல சின்னதா ஏதாவது பண்ணலாமே" என்று எழுதினேன். ஒரு மணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் இனிப்புக் குரல் வந்தது. "கட்டாயம்லாம் இல்லைங்க. விருப்பம் இல்லாதவங்க விட்டுடலாம். கார்டுல குழந்தை பேர் வராது, அவ்ளோதான்."

"ஆயிரத்தக் குடுத்துத் தொலையேன். புள்ளைக்குப் பிரச்சனை வேண்டாம்" என்றார் கணவர்.

"தர மாட்டேன். நானே தனியா வாங்கிக் குடுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். டீச்சருக்குக் கொடுக்கவென்றே செய்த சாமான்கள் எல்லாக் கடையிலும் குவிந்திருந்தன. உலகத்திலேயே சிறந்த ஆசிரியை என்று எழுதிய கோப்பை, ரோஜாப்பூ ஒட்டிய பேனா ஸ்டாண்ட், அமுக்கினால் பாட்டுப் பாடும் பொம்மை. கடைக்காரப் பையன் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, நான் ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அந்த மிஸ் தொண்டை கட்டிப்போய் வாட்டர் பாட்டிலில் ஆறிய வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. சின்னதாக ஒரு ஸ்டீல் பிளாஸ்க் வாங்கினேன். பிடிக்காத ஆளுக்கு யோசித்து வாங்குகிறோமே என்று என் மேலேயே கோபமாக இருந்தது. மகள்தான் நீல நிறம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தாள்.

"ஆன்ட்டிக்கு?" என்றாள் கடை வாசலில். டேகேர் அக்காவைக் குழந்தைகள் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆன்ட்டிக்கு வீட்லயே இருக்கு" என்றேன்.

இருந்தது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் கொடுத்த ஹாட் பாக்ஸ், அட்டைப்பெட்டி பிரிக்காமல் பீரோ மேல் கிடந்தது. பளபளப்பான பேப்பர் வாங்கிச் சுற்றினேன். அந்த அக்கா என்னிடம் வாங்கிய ஐம்பது ரூபாய்களுக்கு இதுவே அதிகம் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் சுற்றினேன்.

வெள்ளிக்கிழமை ஸ்கூல் கடைசி நாள். மிஸ் பட்டுப்புடவையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் வீடியோ லஞ்ச் டைமுக்கே குரூப்பில் வந்துவிட்டது. சாயங்காலம் டேகேரிலிருந்து, பஸ் ஸ்டாப்பில் விட்டுவைக்கும் என் ஸ்கூட்டரில் வரும்போது மகள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"அம்மா, பெரிய கார்டுல எல்லார் பேரும் இருக்கு. என் பேர் ஏன் இல்ல?"

"நாமதான் பிளாஸ்க் குடுத்தோமே. மிஸ் என்ன சொன்னாங்க?"

"அங்க வைன்னு சொன்னாங்க."

"எங்க?"

"ஷூ ரேக் மேல."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஆயிரம் ரூபாயைத் தூக்கி எறிந்திருக்கலாம் என்று தோன்றியது. எறியாதது சரிதான் என்றும் தோன்றியது. எப்படி நினைத்தாலும் அவள் பேர் கார்டில் இல்லை.

அன்றைக்கே ஹாட் பாக்ஸையும் அக்கா கையில் கொடுத்திருந்தேன். வாங்கி உள்ளே வைத்தார். அவ்வளவுதான். மறுநாள் சனிக்கிழமை, எனக்கு வேலை உண்டு. ஸ்கூல் லீவானதால் மகளைக் காலையிலேயே டேகேரில் விட வேண்டும். போனபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் மூன்று ஹாட் பாக்ஸ், ஒன்றின் மேல் ஒன்று. மூன்றும் ஒரே மெரூன் கலர், ஒரே பூ.

"இதுல உன்னது எதுன்னு சொல்லு பாக்கலாம்" என்றார்.

அங்கே விடப்படும் ஏழு குழந்தைகளில் மூன்று பேரின் அம்மாக்கள் எங்கள் கம்பெனி. மற்ற இரண்டு பேரும் என்னை மாதிரியே யோசித்திருக்கிறார்கள்.

"உங்க கம்பெனில பூஜைக்குக் குடுத்ததுதானே? நீங்க மூணு பேரும் பேசி வச்சுக்கினு பண்ணீங்களா?"

"இல்லக்கா. நல்ல பொருள்தானே..."

"மிஸ்ஸுக்கு மட்டும் கடைக்குப் போனீங்களாமே. ப்ளூ கலர் பிளாஸ்க். உன் பொண்ணு சொன்னா. மூணு மணி நேரம் ஏபிசிடி சொல்லிக் குடுக்கறவளுக்கு ஞாயித்துக்கெழம முழுக்கத் தேடி வாங்குவே. தெனம் கால் கழுவி உடறேனே, எனக்கு பீரோ மேல கெடந்தது. எனக்கு இது பேடா. எடுத்துக்கினு போ."

வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொன்னால் இன்னும் நன்றாக உறைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சும்மாவா பாக்குறீங்க? மாசாமாசம் வாங்குறீங்கல்ல? பத்து நிமிஷம் லேட்டானா அம்பது ரூபா. யார் வீட்ல உண்டு இந்த அநியாயம்?"

"அந்த அம்பது ரூபா இல்லன்னா நீங்கல்லாம் எட்டு மணிக்குத்தான் வருவீங்க. நீ லேட்டா வர அன்னிக்கு உன் பொண்ணு சோறு துன்ன மாட்டா, தெரியுமா? கேட்டப் புடிச்சுக்கினு நிப்பா. அவள உள்ள கூட்டிக்கினு வர நான் என்னா பாடு படறேன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அதைச் சொல்லக் கூடாது என்பதற்காகவே கத்தினேன். "சரி, உங்களுக்கு என்னதான் வேணும்? அதச் சொல்லுங்க, வாங்கித் தரேன்!"

அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "லீவு வேணும். ஞாயித்துக்கெழம தவிர ஆறு வருஷமா ஒரு நாள் லீவு எடுத்ததில்ல. வர்ற வியாழக்கெழம தளி ஊர்ல என் தங்கச்சி பொண்ணுக்கு வளகாப்பு. நான் போவல, ஏன்னா நீங்கல்லாம் கத்துவீங்க. ஒரு நாள் நீ வந்து இதுங்கள பாத்துக்கறியா? முடியாதில்ல? அப்போ மூடிக்கினு போ."

"பாத்துக்கறேன்" என்றேன்.

நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் வாயை அடைக்க அந்த நேரத்தில் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அவரும் நான் சொன்னதை நம்பவில்லை. "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஹாட் பாக்ஸ்களை உள்ளே எடுத்துப் போனார்.

கம்பெனியில் லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். வருஷக் கடைசி, லோடு போகிற நேரம். "வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் என்னத்துக்கு?" பதில் சொல்லாமல் ஃபார்மை நீட்டினேன். மற்ற இரண்டு ஹாட் பாக்ஸ் அம்மாக்களிடமும் கேன்டீனில் சொன்னேன். ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேல?" என்றாள். பாதி நாள் கைகொடுக்கக்கூட இரண்டு பேரும் வரவில்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்குப் போனேன். அக்கா பட்டுப்புடவை கட்டி, பை மாட்டி, தயாராக நின்றார். பால் எங்கே, யாருக்கு எப்போது, எவள் கடிப்பாள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தளி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அதற்குப் பிறகு நான் உட்காரவில்லை. ஒன்றரை வயதுப் பாப்பா ஒருத்திக்குப் பத்து மணிக்கு வயிற்றோட்டம் ஆரம்பித்தது. அவளைக் கழுவித் துடைத்து வருவதற்குள், கடிப்பாள் என்று அக்கா சொன்னவள் ஒருவனைக் கடித்துவிட்டாள். ஒரு குழந்தை தன் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும் என்று அக்கா சொன்னாரா, நம் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும் என்று சொன்னாரா என்பது எனக்கு மறந்துபோய், இரண்டையும் செய்து பார்த்தேன். என் மகள் பின்னாலேயே வந்து குறை சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி இப்படிப் பண்ண மாட்டாங்க. ஆன்ட்டி முதல்ல பாப்பாவுக்குத்தான் ஊட்டுவாங்க." பெற்ற பிள்ளையே அவர் பக்கம். நான் பாத்ரூம் போனதுகூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான். என் சோற்றை நாலரைக்குச் சாப்பிட்டேன், நின்றபடி.

என் மகள் போக மீதி ஆறு குழந்தைகளில் ஐந்து பேர் ஆறரைக்குள் போனார்கள். கடைசியாக இருந்தது கேன்டீனில் சிரித்தவளின் பிள்ளை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் வரவில்லை, பிஸ்கட் காட்டினாலும் வரவில்லை. அதன் பக்கத்தில் என் மகளும் போய் நின்றுகொண்டாள், அம்மா வீட்டுக்குள் இருக்கும்போதே. அவளுக்கு அந்த இடம் பழக்கம் போல.

ஏழு பத்துக்கு அவள் வந்தாள். "பஸ் லேட்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள்.

"அக்கா நூத்தம்பது, இருநூறு எல்லாம் கேட்டா தப்பே இல்ல" என்றேன்.

"நீயுமா?" என்று முறைத்துவிட்டுப் போனாள். இன்றுவரை கம்பெனியில் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அக்கா வந்தபோது ஏழே முக்கால். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், தலையில் பூ, தோளில் ஒரு பை பீன்ஸ். செருப்பைக் கழற்றும் முன்பே மூக்கை உறிஞ்சினார். "பினாயில் ஊத்தலயா?" உள்ளே போனார். "பால் பாத்திரத்த அடி புடிக்க உட்டுட்டே." திரும்பி வந்தார். "பாப்பாவுக்கு எப்படி இருந்துச்சு?"

"வயித்தால போச்சு. ஒம்பது தடவ. அவங்கம்மா வந்ததும் சொல்லி அனுப்பிட்டேன்."

"எனக்கு ஒரு போன் பண்றதுக்கென்ன? கெளம்பி வந்திருப்பேனில்ல?"

"அதுக்கோசரம்தான் பண்ணல" என்றேன். அவர் பேச்சு எனக்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா தோளிலிருந்து பையை இறக்கி வைத்தார். நன்றி என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "உங்க பொட்டில ஒண்ண வளகாப்புக்குக் குடுத்துட்டேன். நீ சுத்தன பேப்பர்லயே சுத்தி. அதுதான் நல்லா இருந்துச்சு" என்றார். பையிலிருந்து ஒரு கை பீன்ஸ் எடுத்து என் டிபன் பைக்குள் திணித்தார். "நாளைக்கு லேட் பண்ணாதே."

ஜனவரியில் ஸ்கூல் திறந்தது. மிஸ் அந்த பிளாஸ்கில் தண்ணீர் குடிக்கிறாரா என்று மகளிடம் இரண்டு தடவை கேட்டேன். தெரியாது என்றாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நானே வெளியே வந்தேன்.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. இன்னும் அந்த அக்காவிடம்தான் போகிறாள். எங்களுக்குள் சிநேகம் வந்துவிட்டது என்றெல்லாம் இல்லை. போன மாதம்கூட, நகம் வெட்டாமல் அனுப்புகிறேன் என்று தெருவில் நிற்க வைத்துக் கத்தினார், நானும் விடாமல் கத்தினேன். லேட்டானால் ஐம்பது ரூபாயை அவர் கேட்பதற்கு முன் வெறுப்போடு நீட்டிவிடுகிறேன், அவரும் வெறுப்போடு வாங்கிக்கொள்கிறார். அவர் தங்கச்சி பேத்திக்கு, அந்த வளகாப்புக் குழந்தைக்கு, முதல் மொட்டையாம். இந்த டிசம்பரில் தனக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். ஒரு நாள்தான் முடியும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அதைப் பற்றிய சண்டை இன்னும் முடியவில்லை.