தூக்கணாங்குருவிக்குப் பட்டு நூல் வைத்தவர்

சேவூர் இராஜமாணிக்கம் பொண்டாட்டியோடு சண்டை போட்டுக் கிணற்றில் குதித்துவிட்டார் என்ற செய்தி, ஆரணி பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு இன்னும் மூச்சு இருந்தது. சந்தவாசலைத் தாண்டுவதற்குள் அது நின்றுபோயிற்று. கலசப்பாக்கத்தில் இருக்கும் மச்சான் சம்பந்தத்தின் காதில் விழும்போது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதுவரை முடிவாகியிருந்தது.

சண்டைக்கும் காரணம் தயாராக இருந்தது. விடிவதற்கு முன்னால் கோணியைப் போர்த்திக்கொண்டு ஒரு ஆம்பளை வயல் பக்கம் போகிறான் என்றால் எதற்குப் போவான்? டீக்கடை துரை அந்தப் பெண் யாரென்றுகூட யூகித்து வைத்திருந்தார். நல்லவேளை, பெயரை மட்டும் சொல்லவில்லை. அவருக்கும் கடை நடக்க வேண்டுமே.

நடந்தது என்ன என்று கேட்டால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பதறவும் வைக்கும்.

இராஜமாணிக்கம் பட்டு நெய்கிறவர். பொழுதெல்லாம் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர். இரண்டாயிரமாவது வருஷம் டவுனில் ஒரு ஸ்டுடியோவை மூடியபோது, கல்யாண வீடுகளில் தேய்ந்துபோன ஒரு ரோல் கேமராவும் நீள லென்ஸ் ஒன்றும் அவர் கைக்கு வந்தன. இனிமேல் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கப் போகிறார் என்று தெருவே நினைத்தது. அவரோ மீன்கொத்தியைப் படம் பிடித்தார், கரிச்சானைப் படம் பிடித்தார், கடைசியில் தருமன் வயல் கிணற்றுக்கு மேலே சாய்ந்திருந்த கருவேல மரத்துத் தூக்கணாங்குருவிகளிடம் மாட்டிக்கொண்டார்.

வரப்போரம் நாலு குச்சி நட்டு, கோணியைப் போர்த்தி, அதில் லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு உட்கார்ந்துகொள்வார். மஞ்சள் தலை ஆண் குருவி நெல்தாளைக் கிழித்துக் கிழித்துக் கொண்டுவந்து கூட்டைப் பாதி பின்னும். பிறகு அதன் அடியில் தலைகீழாகத் தொங்கி, இறக்கையைப் படபடவென்று அடித்து, கத்திக் கூப்பிடும். பெட்டை வந்து உள்ளே போய், இழுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் பறந்துவிடும்.

“நம்ம முதலாளி பொடவைய இழுத்துப் பாக்கற மாரியே பாக்குது” என்று வீட்டில் வந்து சொல்வார்.

“அந்தக் குருவிக்கும் ஒரு பொண்டாட்டி இருந்தா, காலையில எங்கடா போறேன்னு கேட்டிருக்கும்” என்பாள் குணசுந்தரி.

அதோடு நின்றிருந்தால் எல்லாரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். நெய்கிறவன் புத்தி நிற்குமா? இலையில் இப்படிப் பின்னுகிறவன் கையில் பட்டைக் கொடுத்தால் எப்படிப் பின்னுவான் என்று இராஜமாணிக்கத்துக்குத் தோன்றிவிட்டது. தறியில் மிஞ்சிய துண்டு நூலை எடுத்துப்போய் வேலி முள்ளில் சிக்கவைத்தார். முதலில் அரக்குச் சிவப்பு. ஒரு குருவியும் திரும்பிப் பார்க்கவில்லை. மாம்பழ மஞ்சளுக்கும் அதே கதிதான். பிறகு கிளிப்பச்சை வைத்தார். சற்று நேரத்தில் ஒரு மஞ்சள் தலை வந்து, அலகால் தட்டிப் பார்த்து, உருவிக்கொண்டு போயிற்று.

பச்சை இலைக்கு நடுவே பட்டு பளபளக்கிற கூட்டை அவர் மாற்றி மாற்றிப் படம் பிடித்தார். அன்றைக்குத் தறியில் ஊடை இழை இரண்டு தரம் அறுந்தும் கோபமே வரவில்லை.

மறுநாள் விடியலில் கோணிக்குள் புகுந்து லென்ஸில் கண்ணை வைத்தார். அதே கூடு. அதே ஆண், கூட்டுக்கு அடியில் தலைகீழாக, இறக்கையை அடித்துக்கொண்டு.

“இன்னைக்கு ரொம்ப ஜோராத்தான் கூப்பிடறாரு” என்று சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்கினார். திரும்பவும் அமுக்கினார். ரோல் முடிகிற நேரத்தில்தான் காதில் உறைத்தது. மற்றக் கூடுகளில் ஒரே கூச்சல். இது மட்டும் கத்தவில்லை. இறக்கையை அடிக்கிறது, தொங்குகிறது, மறுபடி அடிக்கிறது. ஒரு காலைச் சுற்றிப் பச்சையாக ஒரு சுருக்கு.

இலை என்றால் இழுத்தால் கிழியும். முறுக்கிச் சாயம் போட்ட பட்டு கிழியுமா? இழுக்க இழுக்க இறுகும். அது அவருக்குத் தெரியாதா? முப்பது வருஷமாக அந்த நூலோடு கிடக்கிறவர்.

கேமராவை வரப்பில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். மூங்கில் கழியையும் பிளேடையும் இழை வெட்டுகிற சின்னக் கத்தரியையும் அள்ளிக்கொண்டு அவர் திரும்பி ஓட, என்ன ஏதென்று தெரியாமல் குணசுந்தரியும் பின்னால் ஓடினாள். மரத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. பக்கத்துக் கரண்டுக் கம்பத்தில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்திருந்தது. அவசரமே இல்லாமல் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

“அதத் தொரத்து, ஜல்தி!” என்றார்.

அவள் மண்கட்டியை எடுத்து வீசினாள். காக்கா எழும்பி அடுத்த கம்பத்துக்குப் போயிற்று. அவர் கழி நுனியில் பிளேடைக் கட்டி நீட்டினார். காற்றில் கூடு ஆடியது, கழியும் ஆடியது. பிளேடு நூலுக்குப் போகாமல் குருவியின் வயிற்றுப் பக்கமே போயிற்று. கழியைக் கீழே வைத்துவிட்டார். குருவி இப்போது இறக்கை அடிப்பதைவிடச் சும்மா தொங்குவதுதான் அதிகமாக இருந்தது.

“நான் கொப்பு மேல போறேன்.”

“இன்னாங்க, அது கெணத்து மேல நிக்கிற கொப்பு! உங்க கனத்துக்குத் தாங்குமா?”

“தாங்கும்.”

“யோவ், சொல்றதக் கேளுய்யா! ஒரு குருவிக்காக என்னத் தாலியறுக்கச் சொல்றியா?”

“அந்த நூல வச்சது யாரு? நான்தான?”

“அப்போ போ! போய் விழு! வந்து தூக்கமாட்டேன், சொல்லிட்டேன்!”

இந்த நேரம் பார்த்துத்தான் கீரைக்கூடையோடு பூங்காவனம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள். அவள் காதில் கடைசிப் பேச்சுதான் விழுந்தது. நின்று கேட்கத்தான் ஆசை. ஆனால் கீரை வாடிவிடும்.

இராஜமாணிக்கம் முள்ளில் சட்டை கிழிய ஊர்ந்து போனார். கீழே தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. அவர் அசைய அசைய எல்லாக் கூடும் ஆடியது. மற்றக் குருவிகள் கத்திக்கொண்டு பறந்துவிட்டன. கையை நீட்டி, பக்கத்துக் கொப்பில் தொங்கிய கூட்டின் கழுத்தைப் பிடித்தார். குருவியைக் கைக்குள் பொத்தினார். அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது அவர் உள்ளங்கை முழுக்கத் தெரிந்தது. கூட்டிலிருந்து வருகிற நூலை முதலில் வெட்டினார். காலைச் சுற்றிய சுருக்கு சதைக்குள் இறங்கியிருந்தது. கத்தரி முனையை உள்ளே விட்டார். முனை நூலுக்கு அடியில் போகாமல் வழுக்கியது. மறுபடி நுழைத்தார்.

கொப்பு கிறீச்சிட்டது.

“ஏங்க!” என்று குணசுந்தரி அலறினாள்.

கத்தரியை அமுக்கினார். வெட்டுப்பட்டதா இல்லையா என்று பார்ப்பதற்குள் கொப்பு முறிந்தது. கையை விரித்துக் குருவியை மேலே எறிந்ததுதான் அவருக்கு ஞாபகம்.

தொப்பென்ற சத்தம் ரோடுவரை கேட்டது. பூங்காவனம் கீரையை மறந்து டீக்கடைக்கு ஓடினாள். தூக்கமாட்டேன் என்று சொன்னவள் கிணற்றுப் படிகளில் பாதிவரை இறங்கிப் புடவைத் தலைப்பைத் தண்ணீரில் வீசினாள்.

இருமிக்கொண்டே மேலே வந்தவர் கேட்ட முதல் கேள்வி: “பறந்துச்சா?”

“பறந்துச்சு.”

“காலுல நூலு இருந்துச்சா?”

“நான் உன்னப் பாப்பனா, குருவி காலப் பாப்பனா?”

அதற்குப் பிறகு அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக முடியவில்லை. ஈர வேட்டியோடு வேலி முழுக்கத் தேடி, மிச்ச நூலை ஒவ்வொரு இழையாகப் பொறுக்கி மடியில் கட்டினார். பிறகு லென்ஸில் கண்ணை வைத்து உட்கார்ந்தார். ரோல் தீர்ந்துபோன கேமரா. பார்க்க மட்டும்தான் ஆகும். சுருக்கு காலிலேயே இருந்தால் கால் அழுகும், இல்லாவிட்டால் வேறு முள்ளில் மாட்டிக்கொண்டு தொங்கும். அதை யார் பார்க்கப் போகிறார்கள்? மஞ்சள் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொன்றுக்கும் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார். அந்தக் கூடு மட்டும் காலியாக ஆடியது.

வெயில் ஏறியது. குணசுந்தரி கொண்டுவந்த கூழ் ஆறியது. “குடிங்க” என்றாள். “இரு” என்றார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கூட்டையே பார்த்தாள்.

மதியத்துக்கு மேலே, முறிந்த கொப்பின் அடிக்கட்டையில் ஒரு மஞ்சள் தலை வந்து உட்கார்ந்தது. ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அது தாவித் தாவிக் காலிக் கூட்டுக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த இலை ஒன்றை அலகால் இழுத்துச் செருகியது. செருகும்போது அந்தக் காலையும் ஊன்றியது. வீங்கியிருந்தது. நூல் இல்லை.

“இல்ல” என்றார்.

அப்போதுதான் சம்பந்தம் தோளில் மாலையும் பின்னால் எட்டு உறவினர்களுமாக, மார்பில் அடித்துக்கொண்டு வரப்பில் ஓடிவந்தார். தங்கச்சியைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிணத்தைப் பார்த்தார், ஓட்டத்தை நிறுத்த முடியாமல் சேற்றில் ஒரு கால் விட்டார்.

“மாப்ளே! என் தங்கச்சி ஒரு வார்த்த சொன்னதுக்குக் கெணத்துல குதிச்சீங்களாமே?”

இராஜமாணிக்கம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கத்தாத மச்சான், குருவி பறந்துடும். சண்ட போட்டது நெசம். குதிக்கல. பொண்டாட்டி திட்டினதுக்கெல்லாம் ஆம்பள குதிக்கறதுன்னா சேவூரு கெணத்துல தண்ணி நிக்க எடம் இருக்காது. நூலு வச்சது நானு, அறுக்கப் போனதும் நானு. கொப்பு ஒடிஞ்சுது, விழுந்தேன். அவ்ளோதான்.”