உலக்கையில் கழற்றிய பூண்

கட்டில் கால் கடைவது சுலபம். மரத்தை இரண்டு முனையிலும் கூர் கொடுத்து நிறுத்திக் கடைந்துவிடலாம். குங்குமச் சிமிழ் அப்படியல்ல. உள்ளே குடைய வேண்டும். உளி நுழைய ஒரு முனை திறந்திருக்க வேண்டும். மறுமுனையைக் கவ்விக்கொண்டு சுழலும் பாகத்துக்கு சக் என்று பெயர். பட்டணத்துக் கடையில் இரும்பு சக்கின் விலையைக் கேட்டுவிட்டு, சும்மா பார்க்க வந்தவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு திரும்பினேன். நானே செய்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வல்லக்கோட்டைக்கு அருகில் வீடு. நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். படப்பையில் பம்ப்செட் பழுது பார்ப்பவரிடம் வாங்கிய பழைய மோட்டாரை வைத்து மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையில் மரம் கடையும் லேத் ஒன்று கட்டியிருந்தேன். பள்ளி விட்டு வந்தால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவேன். அண்ணி சாப்பிடக் கூப்பிடும்வரை அங்கேதான்.

முதல் சக் ஒரு பலகை வட்டு. அதில் மரத்தைத் திருகாணிகளால் முடுக்கினேன். சிமிழ் அழகாக வந்தது; அடியில் மட்டும் மூன்று ஓட்டை. அண்ணி அதில் குங்குமத்தைப் போட்டுத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இது சிமிழா, சல்லடையா?"

நான் எட்டாவது படிக்கும்போது மருமகளாக வந்தவர். நான் வாத்தியாரான பிறகும் என்னை நீ என்றுதான் பேசுவார்.

அடுத்தது, கருவேல மரத்தில் கிண்ணம்போல் குடைந்த சக். அதற்குள் பூவரசங்கட்டையைச் சுத்தியால் அடித்து இறுக்க வேண்டும். காலையில் இறுகிய கட்டை மாலைக்குள் காய்ந்து தளர்ந்துவிடும். ஒருநாள் சுழன்றுகொண்டிருந்த கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து தவிட்டுத் தொட்டியில் விழுந்தது. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதன் பின்னால் நான்; என் பின்னால் சிரித்துக்கொண்டே அண்ணி.

பிறகு ஒரு யோசனை தோன்றியது. கிண்ணத்தின் சுவரை ரம்பத்தால் நாலாகக் கீறினேன். நான்கு விரல்கள் கிடைத்தன. வெளிப்புறத்தைச் சரிவாகக் கடைந்து அதன்மேல் ஒரு வளையத்தைத் தட்டி ஏற்றினால் விரல்கள் ஒடுங்கிக் கட்டையைக் கவ்வும். வளையம்தான் அமையவில்லை. கம்பி நெளிந்தது. சைக்கிள் டியூப் வழுக்கியது. குழாய் இறுக்கும் கிளிப்பைப் போட்டேன். அதன் திருகு சுழன்று வந்து என் விரல் முட்டியைப் பெயர்த்தது.

சமையலறை மூலையில் உலக்கை சாய்ந்திருந்தது. ரைஸ் மில் வந்த பிறகு அதை யாரும் தொட்டு நான் பார்க்கவில்லை. அதன் அடியில், இடிக்கும்போது மரம் பிளக்காமலிருக்க மாட்டிய வளையம்: கனமான, தேய்ந்து வழவழப்பான இரும்புப் பூண். மரம் வற்றியிருந்ததால் நாலு தட்டில் கழன்றது. தெரியாமலிருக்க, பால்பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி அந்த இடத்தில் சுற்றிக் கறுப்பு மை பூசினேன். கேட்டிருந்தால் அண்ணி கொடுத்திருப்பார். கேட்கவில்லை.

அந்தப் பூண் பிடித்த பிடியை என்னவென்று சொல்வது! உளியை வைத்தால் கட்டை இம்மியும் அசையவில்லை; சீவல் நாடாவாகச் சுருண்டு மார்பில் விழுந்தது. மூடி அவ்வளவு கச்சிதமாக அமைந்ததால் திறக்கும்போது 'டப்' என்றது. அண்ணி திறந்து மூடி, திறந்து மூடி, "மூச்சு வுடுது பாரு!" என்றார். நான் குதிக்காத குறை.

அண்ணியைக் கைராசிக்காரி என்பார்கள். கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்கும்போது முதல் குத்து அவர் குத்த வேண்டுமென்று வீடு தேடி வந்து அழைத்துப் போவார்கள். எத்தனை மில் வந்தாலும் கல்யாண மஞ்சளை உலக்கையால்தான் இடிப்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. பூண் கண்ணில் பட்டபோது மறந்துபோயிற்று.

அடுத்த தையில் எங்கள் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் உரல், எங்கள் உலக்கை, முதல் குத்து அண்ணி. இரண்டு குத்து தாங்கியது. மூன்றாவதில் தகரம் கிழிந்து, உலக்கை அடியிலிருந்து பிளந்தது. பெண்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

"போதும்மா. வேற யார்கிட்டயாவது குடுங்க. இவ கை சரியில்ல" என்றார் மாப்பிள்ளையின் அத்தை.

பத்தடி தள்ளி வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த நான் செய்தது ஒன்றுதான். ஓடிவந்து தகரத்தைப் பொறுக்கி மடியில் செருகிக்கொண்டேன். பூண் எப்போதோ கழன்று விழுந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பழி அண்ணியின் கைக்குப் போயிற்று.

தங்கை நன்றாகவே வாழ்ந்தாள். ஆனால் அதன்பின் அண்ணியை அழைக்க யாரும் வரவில்லை. நான் அதே சக்கில் சிமிழ்களைக் கடைந்து தள்ளினேன். அவருக்கு அழைப்பில்லாத கல்யாணங்களுக்கு அவை பரிசாகப் போயின. வாயைத் திறக்காமலே சில வருஷங்களைக் கடத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருவில் கல்யாண வீடு. உரலைச் சுற்றிப் பெண்கள் கூடும் கலகலப்பு கொட்டகைவரை கேட்டது. அண்ணி வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். "தலவலி" என்றார். முகம் மட்டும் அந்தச் சத்தம் வந்த பக்கமே திரும்பியிருந்தது. மோட்டாரை நிறுத்தினேன். சக்கைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி பூணைத் தொட்டுப் பார்த்தார். "அடப்பாவி!" என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எயுந்திரு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அங்க வந்து சொல்லு."

"சட்டை போட்டுக்கினு வரேன் அண்ணி."

"ஒண்ணும் வேணாம். இப்பிடியே வா."

மரத்தூள் ஒட்டிய வெற்றுடம்போடு என்னைத் தெருவில் இழுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் நடுவில் நிறுத்தினார். சொன்னேன். கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"யோவ் வாத்தியாரே! எம்புள்ள மாங்கா பறிச்சான்னு முட்டி போட வெச்சியே, இப்ப நீ போடுய்யா!"

போட்டேன். பந்தல் அதிரச் சிரித்தார்கள். ஒருத்தி என் இரண்டு கன்னத்திலும் மஞ்சளை அப்பினாள். வீட்டுக்கார அம்மாள் உலக்கையை அண்ணியிடம் நீட்டி, "நீயே ஆரம்பி தாயே. தப்பா நெனச்சுட்டோம்" என்றார்.

நடுவில் நடந்த கல்யாணங்களை யாராலும் அவருக்குத் திருப்பித் தர முடியாது. அது இன்றும் என்னை உறுத்துகிறது. ஆனால் அன்று முதல் குத்து விழுந்ததும் பாட்டு எழும்பியது. என்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எழுந்திருக்கலாமா என்று கேட்டேன்.

"இரு, மஞ்சா முடியட்டும்" என்றார் அண்ணி, உலக்கையை ஓங்கிக்கொண்டே.